கைவேலைப் பொருள்களைச் சேவையாகச் செய்து கொடுக்க விரும்பும் பங்குப் பெண்களுக்கு

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: நாகர்கோவில் பக்கத்தில் ஒரு தேவாலயப் பங்கில் 15 பெண்கள் சேர்ந்திருக்கிறீர்கள். ஆறு தையல் மெஷின் இருக்கிறது, நான்கு பேருக்கு குரோஷே தெரியும், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை உட்கார முடியும். ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தைகளுக்குக் கம்பளித் தொப்பி, கிடப்பில் இருக்கும் முதியவர்களுக்கு வளையத் தலையணை என்று பேச்சு அடிபடுகிறது. இதெல்லாம் எப்படித் தைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசி வரியில் "கொடுத்ததை அவர்கள் உண்மையிலேயே உபயோகிப்பார்களா" என்று போட்டிருக்கிறீர்கள். அதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். நீங்கள் எழுதிய இரண்டு பொருளில் ஒன்றை மாற்ற வேண்டும், மற்றதை விட்டுவிட வேண்டும். அதற்குப் பதிலாகச் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. நான் தையல் சொல்லிக்கொடுப்பவள். கிடப்பு நோயாளிகளுக்கான துணிகளை நர்ஸுகளோடு சேர்ந்து வடிவமைப்பது பல வருடப் பழக்கம். மருத்துவ முடிவு தேவைப்படும் இடங்களில் யாரைக் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்வேன்.

முதலில் விட வேண்டியது. நடுவில் ஓட்டை விட்டுத் தைக்கும் வளையத் தலையணை பார்க்க மெத்தென்று இருக்கும். படுக்கைப்புண்ணைத் தடுக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். படுக்கைப்புண் பற்றிய சர்வதேச வழிகாட்டுதல்கள் அதை உபயோகிக்கவே வேண்டாம் என்று தெளிவாகச் சொல்கின்றன. ஓட்டைக்கு மேலே இருக்கும் சதைக்கு அழுத்தம் இல்லாமல் போகலாம், ஆனால் வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி அந்த இடத்துக்கு வரும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. புண் வராத இடத்திலும் வரும். குதிகாலுக்குக் கீழே தண்ணீர் நிரப்பிய கையுறை வைப்பதும் இதே காரணத்துக்காக வேண்டாம் என்று சொல்லப்பட்டிருக்கிறது. இதில் சந்தேகமே இல்லை. ஏற்கெனவே துணி வெட்டிவிட்டீர்கள் என்றால் அதைக் காலுக்கு வைக்கும் நீளத் தலையணையாக மாற்றிவிடலாம். ஒன்றரை அடி நீளம், முக்கால் அடி அகலத்தில் உறை தைத்து, ரெக்ரான் என்ற பாலியெஸ்டர் பஞ்சைத் தளர்வாக அடைத்து, முழங்காலுக்குக் கீழே கெண்டைக்கால் முழுவதும் அதன் மேல் படியும்படி வைத்தால், குதிகால் படுக்கையில் படாமல் அந்தரத்தில் நிற்கும். அதுதான் குதிகாலைக் காப்பாற்றுகிறது. இலவம்பஞ்சு வேண்டாம், மூத்திரமோ வியர்வையோ பட்டால் கட்டி கட்டியாகிவிடும், துவைக்கவும் முடியாது. உள்ளுறை ஒன்று, கழற்றித் துவைக்கும் மேலுறை இரண்டு என்று சேர்த்துக் கொடுங்கள். ஒரே உறையோடு கொடுத்தால் அது துவைக்கப் போன அன்று தலையணை சும்மா கிடக்கும்.

கிடப்பில் இருப்பவர்களுக்கு என்று நீங்கள் ஒரே ஒரு பொருளைத்தான் செய்ய முடியும் என்றால், பின்பக்கம் திறக்கும் நைட்டியைச் செய்யுங்கள். நம் ஊரில் வயதான அம்மாக்கள் முக்கால்வாசிப் பேர் நைட்டியில்தான் இருக்கிறார்கள். பக்கவாதம் வந்து ஒரு கை வராத ஒருவருக்கு அதைத் தலைவழியாகப் போட்டுக் கழற்றுவது அவருக்கும் வலி, பார்த்துக்கொள்ளும் மகளுக்கும் முதுகுவலி. கடைசியில் என்ன செய்கிறார்கள்? நைட்டியைப் பின்னால் கத்தரியால் கீறிவிட்டு, மேலே ஒரு துணியைப் போர்த்தி வைக்கிறார்கள். யாராவது பார்க்க வந்தால் அந்த அம்மாவுக்குக் கூச்சம். இந்தக் கீறலைத்தான் நாம் ஒழுங்காகத் தைத்துக் கொடுக்கப் போகிறோம்.

புதிதாக வெட்டுவதைவிட, டபுள் எக்ஸ்எல் அளவில் ரெடிமேட் காட்டன் நைட்டி வாங்கி மாற்றுவது எளிது. ரேயான், பாலியெஸ்டர் கலந்தது வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் முதுகில் ஒட்டிக்கொண்டு தோலை ஊறவைக்கும். நைட்டியையும், சேர்க்கப் போகும் துணியையும் முதலில் ஒரு இரவு நனைத்து, துவைத்து, காயவைத்துத் தேய்த்துக்கொள்ளுங்கள். கஞ்சியும் போகும், சுருங்குவதும் முன்பே சுருங்கிவிடும். இதைத் தவறவிட்டால் முதல் சலவையிலேயே சேர்த்த பட்டை மட்டும் சுருங்கி, முதுகில் மடிப்பு விழும். பிறகு முன்பக்க ஜிப்பைப் பிரித்து எடுத்துவிட்டு அந்த இடத்தை மூடித் தைத்துவிடுங்கள். பின்பக்கம் கழுத்திலிருந்து அடிவிளிம்பு வரை நேர் நடுவில் வெட்டுங்கள். வெட்டிய இரண்டு ஓரங்களிலும் 9 இன்ச் அகலத்தில் முழு நீளத்துக்கு ஒரு பட்டை சேர்க்க வேண்டும். தையலும் மடிப்பும் போக 8 இன்ச் நிற்கும். இரண்டு பாதியும் ஒன்றன்மேல் ஒன்று 16 இன்ச் ஏறி மூடும். 36 இன்ச் அகலத் துணியில் ஒன்றரை மீட்டர் எடுத்தால் நான்கு பட்டை கிடைக்கும், அதாவது இரண்டு நைட்டிக்கு ஆகும்.

பட்டையின் மேல்விளிம்பை நேராக வெட்டிவிடாதீர்கள்; இங்கேதான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். எதிர்ப்பாதியின் கழுத்தையும் தோளையும் கீழே விரித்து வைத்து, அதே வளைவைப் பட்டையில் வரைந்து, தோள் தையலைத் தாண்டி ஒன்றரை இன்ச் கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும். அந்த ஒன்றரை இன்ச் தோளுக்கு மேலாக முன்பக்கம் மடிந்து வரும். அங்கே ஒவ்வொரு தோளிலும் இரண்டு டிச் பட்டன். முதுகில் முடிச்சோ பட்டனோ வரவே கூடாது. மணிக்கணக்கில் அதன்மேல் படுத்திருப்பவருக்கு ஒரு சின்ன நாடா முடிச்சு போதும், தோல் சிவந்துவிடும். இரும்பு டிச் பட்டன் துருப்பிடிக்கும். பித்தளையோ பிளாஸ்டிக்கோ போடுங்கள். வெல்க்ரோ எல்லோருக்கும் முதலில் தோன்றும், ஆனால் நூலும் முடியும் சிக்கிச் சீக்கிரமே பிடிப்பு விட்டுவிடும். மெலிந்த தோலைக் கீறவும் செய்யும். இடுப்புக்கு ஒரு ஜோடி நாடா வைக்கலாம். முடிச்சு விலாவின் முன்புறம் வரும்படி அளந்து வையுங்கள். பட்டையை உடம்புத் துணியோடு சேர்க்கும் தையல் தடிக்காமல், பிசிறை உள்ளே மடித்துப் படியத் தைத்து, தேய்த்துத் தட்டையாக்க வேண்டும். இடுப்பெலும்பின் கீழே, வால் எலும்பு இருக்கும் இடத்தில் விரலால் தடவிப் பாருங்கள். விரலுக்குத் தையல் தட்டினால் அவருக்கும் தட்டும்.

உட்கார்ந்து சாப்பிடக்கூடியவர், சக்கர நாற்காலியில் வாசலுக்கு வருபவர் என்றால் இந்த முழு நீள வடிவம். எழவே முடியாமல் டயப்பரோ பெட்பேனோ உபயோகிப்பவர் என்றால், பின்பாதிகள் இரண்டையும் இடுப்போடு நிறுத்தி, முன்பக்கத்தை மட்டும் கணுக்கால் வரை விடலாம். பார்ப்பவருக்கு முழு நைட்டியாகத்தான் தெரியும். கீழே நனைவதற்குத் துணி இருக்காது, ஒவ்வொரு முறையும் முழு உடுப்பையும் மாற்ற வேண்டாம். எந்த வடிவம் என்பதை அந்த வீட்டில் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். வெளிர் நிறத்தில் சிறு பூப்போட்டதாக எடுங்கள். அடர் நிறம் அழுக்குத் தாங்கும் என்பார்கள். ரத்தக்கசிவையும் புண்ணீரையும் மறைத்துவிடும் என்பதால்தான் அது வேண்டாம் என்கிறேன். உடுத்தும் முறையை ஒரு சீட்டில் எழுதி வையுங்கள்: போடும்போது வராத கை முதலில், கழற்றும்போது வராத கை கடைசியில். இது எல்லாப் பக்கவாத நோயாளிக்கும் பொருந்தும் விதி. இது தெரியாமல் தோளைப் பிடித்து இழுப்பதில்தான் பாதி வலி.

ஆண்களுக்கு இவ்வளவு வேலை இல்லை. மூட்டாத சாரம் (லுங்கி) ஒன்றின் ஓரத்தைப் பிகோ அடித்து, ஒரு ஓரத்தில் நாடா வைத்தால் இடுப்பில் சுற்றிக் கட்டிவிடலாம். சட்டைக்கு மேலே சொன்ன அதே பின்திறப்பு முறைதான். காலர் வேண்டாம், கைக்குழி மட்டும் ஒரு இன்ச் பெரிதாக.

இழுவைத் துணி என்று ஒன்று இருக்கிறது: நோயாளியின் தோளிலிருந்து தொடை வரை கீழே விரித்து, இரண்டு பேர் இரண்டு பக்கமும் சுருட்டிப் பிடித்து மேலே நகர்த்துவதற்கானது. பழைய காட்டன் சேலைகள் இதற்கு அருமை, ஆனால் தனியாக அல்ல. பல வருடம் துவைத்த சேலை வெளிச்சத்தில் பிடித்தால் இழை விலகியிருப்பது தெரியும். அந்த இடத்தில் தூக்கும்போது கிழிந்தால் ஆள் விழுவார். அதனால் அடியில் புதுக் காடாத்துணி, மேலே சேலை இரண்டு மடிப்பு. ஒரு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் அளவு போதும். நான்கு இன்ச் இடைவெளியில் நீளவாக்கில் தையல் ஓட்டி, ஓரத்தை இரண்டு முறை மடித்து அடியுங்கள். ஜரிகைக் கரையை வெட்டி எடுத்துவிட வேண்டும். இது படுக்கையில் நகர்த்த மட்டுமே. இதில் ஆளை வைத்துப் படியிறக்கவோ ஆட்டோவில் ஏற்றவோ கூடாது என்று வாயால் சொல்லியும் கொடுங்கள், எழுதியும் கொடுங்கள்.

மூத்திரப் பைக்கு உறை தைப்பது ஒருநாள் வேலை, ஆனால் பெறுபவருக்கு அது பெரிய விடுதலை. குழாய் போட்டவர் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகத் தயங்குவது அந்தப் பை வெளியே தெரிவதால்தான். மெடிக்கல் ஷாப்பில் 2 லிட்டர் பை ஒன்று வாங்கி, அதை அளந்து எல்லாப் பக்கமும் இரண்டு இன்ச் கூட்டி வெட்டுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். வெறும் பையை வைத்து அளக்காதீர்கள், தண்ணீர் நிரப்பி அளங்கள். அடியில் குழாய் வெளியே வர வழி, முன்பக்கம் அளவைப் பார்க்கத் தூக்கும் மடல். இதில் ஒரு ஆபத்து இருக்கிறது: தோளில் மாட்டும் ஜோல்னாப் பை மாதிரி நீள வார் வைத்து அழகாகத் தைத்துவிடுவார்கள். பை, வயிற்றுக்குள் இருக்கும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்கு மேலே போனால் மூத்திரம் திரும்பி உள்ளே ஏறும், கிருமித்தொற்று வரும். வார் இடுப்பில் கட்டித் தொடையோடு தொங்குவதாக, எப்போதும் அடிவயிற்றுக்குக் கீழேயே நிற்பதாக இருக்க வேண்டும். தரையிலும் படக் கூடாது.

இனி குழந்தைத் தொப்பி. நோக்கம் சரி, பொருள்தான் தவறு. எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு உடம்புச் சூடு 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போவது ஆபத்து. தலைவழியாக நிறையச் சூடு போகிறது, அதனால் தொப்பி தேவை என்பது உறுதி. ஆனால் நிறை எடையோடு பிறந்து, கன்னியாகுமரி மாவட்டத்து வெயிலில் வீட்டுக்கு வந்துவிட்ட குழந்தைக்குக் கம்பளித் தொப்பி போட்டுத் தூங்கவைப்பது தேவையற்றது மட்டுமல்ல, உடம்பு அதிகம் சூடாகித் துன்பப்படும். ஆகவே தொப்பி யாருக்கு என்பதை முதலில் தீர்மானியுங்கள்: பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருக்கும், 2.5 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு. அதுவும் கம்பளியில் அல்ல, அக்ரிலிக் நூலிலும் அல்ல, பனியன் துணியில். கம்பளி அரிக்கும், அக்ரிலிக் வியர்வையை உறிஞ்சாது. இரண்டையும் ஆஸ்பத்திரிச் சலவைக்குப் போடவும் முடியாது.

அளவு மூன்று வையுங்கள்: தைத்து முடித்த சுற்றளவு 26, 29, 32 செ.மீ. உயரம் 11 முதல் 13 செ.மீ., அதற்கு மேல் நெற்றியில் மடித்துவிட 4 செ.மீ. துணியின் இழுவை சுற்றளவின் திசையில் இருக்க வேண்டும். மாற்றி வெட்டினால் ஏறவே ஏறாது. தையல் வெளிப்பக்கம் இருக்கட்டும், உள்ளே வழவழப்பு. குஞ்சம், ரிப்பன், பட்டன், மணி எதுவும் கூடாது. காலுறை பின்னுகிறவர்கள் கவனிக்க வேண்டியது, ஓட்டை ஓட்டையான டிசைனும் உள்ளே தொங்கும் நூலும். குழந்தையின் கால்விரலில் ஒரு இழை சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று விரலே பாழாகும். மெஷினில் பனியன் துணிக்குப் பந்துமுனை ஊசி, 11-ஆம் நம்பர். சாதா ஊசி போட்டால் தையல் விட்டுவிட்டு விழும், சின்னச் சின்ன ஓட்டையும் வரும். ஜிக்ஜாக் இல்லாத மெஷின் என்றால் பாலியெஸ்டர் நூல் போட்டு, துணியை லேசாக இழுத்துக்கொண்டே அடியுங்கள். இல்லையென்றால் தலையில் மாட்டும்போதே நூல் அறும்.

தொப்பியோடு சேர்த்து ஒரு துணியும் கொடுத்தால் சேவை முழுமையாகும். குறைந்த எடைக் குழந்தையைத் தாயின் மார்போடு தோலும் தோலும் ஒட்ட வைத்துக் கட்டும் கங்காரு முறை 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கியது; இன்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் முறை. அதற்கு எலாஸ்டிக்கும் பக்கிளும் வைத்த பை தேவையில்லை. அந்த நிறுவனத்தின் கையேடே ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மென்மையான துணியைக் குறுக்காக மடித்துக் கட்டினால் போதும் என்கிறது. நன்றாகத் துவைத்து மென்மையான மல் துணியில் சதுரமாக வெட்டி, ஓரம் அடித்தால் முடிந்தது. குழந்தைக்கு அப்போது டயப்பர், தொப்பி, சாக்ஸ்; அறை 22 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் மட்டும் முன்பக்கம் திறந்த கையில்லாச் சட்டை. ஏசி வார்டில் அது தேவைப்படும், அதனால் சில சட்டைகளும் தைக்கலாம். தோளில் மாட்டித் தூக்கிப்போகும் தூளி, கொக்கி வைத்த பை ஆகியவற்றைத் தையாதீர்கள். எடை தாங்கும் பொருள் எதையும் நாம் வீட்டு மெஷினில் தைத்துப் பொறுப்பேற்க முடியாது.

குழந்தைத் துணிகளை எடுத்து வைக்கும்போது அந்துருண்டை போடவே போடாதீர்கள். அதன் நாப்தலீன் வாடை ஏறிய துணியைப் போட்டால், ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள்காமாலை வரலாம். பீரோவில் வருடக்கணக்கில் அந்துருண்டையோடு இருந்த துணியை, எவ்வளவு புதிதாக இருந்தாலும், குழந்தைக்கு என்று எடுக்காதீர்கள். நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. துணி காய்வதே பெரும்பாடு. அரைகுறையாகக் காய்ந்ததைப் பாலித்தீன் கவரில் போட்டு ஒட்டினால் பத்தே நாளில் கரும்புள்ளி விழும், அது எந்தச் சலவையிலும் போகாது. ஜூன், ஜூலையிலும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரையிலும் தைப்பதைத் தையுங்கள், கடைசிச் சலவையையும் பொதியையும் நல்ல வெயில் நாளுக்குத் தள்ளிவையுங்கள். வாசனை சோப்பும் துணி மென்மையாக்கும் திரவமும் வேண்டாம். குண்டூசியை எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள். பொதிவதற்கு முன் ஒவ்வொரு துணியின் மேலும் ஒரு காந்தத்தை ஓட்டுங்கள்.

குரோஷே தெரிந்த அந்த நான்கு பேர் சும்மா இருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நாகர்கோவிலில் 1820-களில் மால்ட் அம்மையார் தொடங்கிய லேஸ் பள்ளியும், முளகுமூட்டு மடத்து லேஸ் வேலையும் இந்த மாவட்டத்துப் பெண்களின் விரல்களுக்குக் கொடுத்த பழக்கம் சின்னதல்ல. அந்தத் திறமைக்கு ஏற்ற வேலை, மார்பக அறுவைச் சிகிச்சை செய்த பெண்கள் இழந்த மார்புக்குப் பதிலாகப் பிராவுக்குள் வைத்துக்கொள்ள, நூலில் பின்னிய மென்மார்பு. நம் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் போய்வரும் பெண்கள் பலர். சிலிக்கான் வைத்தது விலை அதிகம், வெயிலில் வியர்க்கும், கனக்கும். பெரும்பாலோர் கைக்குட்டையையோ பஞ்சையோ சுருட்டி வைத்துக்கொள்கிறார்கள், அது நகர்ந்துவிடும் என்ற பயத்தில் கையைத் தூக்கவே மாட்டார்கள். மென்மையான காட்டன் நூலில் முதல் சுற்று 6 கண்ணி. பின்பக்கத் தட்டுக்கு ஒவ்வொரு சுற்றிலும் 6 கண்ணி கூட்டினால் தட்டையாக விரியும். முன்பக்கத்துக்கு ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் 6 கூட்டினால் குவியும். இரண்டும் ஒரே எண்ணிக்கையில் முடிய வேண்டும், அப்போதுதான் ஓரம் சேரும். பின்தட்டில் ஒரு சிறு வாய் விட்டு, ரெக்ரான் பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துத் தளர்வாக அடையுங்கள். அந்த வாயை மூடித் தைக்காமல் நாடா ஓட்டி இறுக்கினால், அவர்களே பஞ்சைக் கூட்டிக் குறைத்து மறுபக்கத்துக்குச் சமமாக்கிக்கொள்ளலாம், எடுத்துவிட்டுத் துவைக்கவும் செய்யலாம். எடைக்காகக் கடுகு, அரிசி அடைப்பவர்கள் உண்டு; நனைந்தால் முளைக்கும், பூச்சி வரும். கூடவே பிராவின் உட்பக்கம் தைக்கும் மல் துணிப் பை ஒன்று கொடுங்கள். பை இல்லாமல் மென்மார்பு நிற்காது. தையல் முழுதாக ஆறி, டாக்டர் சரி என்ற பிறகுதான் வைக்க வேண்டும். கீமோவில் முடி கொட்டியவர்களுக்குப் பனியன் துணித் தொப்பி தைப்பதாக இருந்தால் 54 முதல் 58 செ.மீ. தலைச் சுற்றளவுக்கு, அங்கும் தையல் வெளியே, ஏனென்றால் அப்போது தலைத்தோல் தொட்டாலே வலிக்கும்.

இதுவரை சொன்னவை உறுதியானவை. இனிச் சொல்பவற்றில் எனக்கே தயக்கம் உண்டு. 2013-இல் டென்மார்க்கில் தொடங்கி இணையத்தில் பரவிய குரோஷே ஆக்டோபஸ் உங்கள் குழுவில் யார் கண்ணிலாவது பட்டிருக்கும். அதன் கைகள் தொப்புள்கொடியை நினைவூட்டிக் குறைமாதக் குழந்தையை அமைதிப்படுத்தும் என்று சொல்லப்படுவதற்கு வலுவான ஆதாரம் இல்லை. கிருமித்தொற்றுக்கும் கழுத்தில் சுற்றும் ஆபத்துக்கும் இடமிருக்கிறது. குழந்தைப் பிரிவு கேட்டால் ஒழிய நீங்களாகச் செய்து கொண்டுபோகாதீர்கள். அதேபோல மறதிநோய் உள்ளவர்கள் கையில் வைத்துத் தடவிக்கொண்டிருக்க ஜிப், பட்டன், வேறுவேறு துணி வைத்துத் தைக்கும் மடித்துணி. சிலர் அதோடு ஒரு மணி நேரம் அமைதியாக இருப்பார்கள், சிலர் தூக்கி எறிவார்கள். யாருக்குப் பிடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. ஒன்றிரண்டு தைத்துப் பாருங்கள், எதையும் பிடுங்கி வாயில் போட முடியாதபடி இழுத்துப் பார்த்துத் தையுங்கள். பக்கவாதத்தில் தொங்கும் கைக்குத் தூக்குத்துணி தைக்கலாமா என்றால், பிசியோதெரபிஸ்ட் அளந்து சொன்னவருக்கு மட்டும். எப்போதும் மாட்டியே வைத்தால் கை மடங்கி இறுகிப்போகும் என்பது ஒரு பக்கம், மாட்டாமல் விட்டால் தோள் இறங்கிவிடும் என்பது மறுபக்கம். துறைக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கும் விஷயம் அது. புண்ணுக்கு வைக்கும் பஞ்சு, கட்டுத்துணி, அழுத்தக் காலுறை ஆகியவை கைவேலைக்கு ஒத்துவராதவை. அதற்குச் சேரும் பணத்தை மெடிக்கல் ஷாப்பில் கொடுத்து வாங்கித் தருவதே மேல்.

யாரிடம் கொடுப்பது என்பதை வெட்டுவதற்கு முன் முடிவு செய்யுங்கள். குழந்தைத் துணிக்கு ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் பொறுப்பு நர்ஸைப் பார்த்து, மாதிரி ஒன்றைக் காட்டி, வெளித் துணியை ஏற்பார்களா, எந்த அளவு அதிகம் தேவை என்று கேளுங்கள். ஏற்க மாட்டோம் என்றால் அது தொற்று பற்றிய அக்கறை, மனத்தாங்கலாக எடுக்காதீர்கள். கிடப்பில் இருப்பவர்களை 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் நர்ஸுகளுக்கும், உங்கள் பகுதி கிராம சுகாதார நர்ஸுக்கும் தெரியும். பங்கின் சிறு குழுவான அன்பியக் கூட்டத்தில் கேட்டால் உங்கள் பங்கில் இருப்பவர்கள் பெயர் மட்டும் வரும்; நர்ஸைக் கேட்டால்தான் கடற்கரை ஊரிலும், குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்ட வீடுகளிலும், எந்தக் கோயிலுக்கும் சங்கத்துக்கும் சேராமல் தனியாகக் கிடப்பவர் பெயரும் வரும். கொடுக்கும்போது போட்டோ எடுக்காதீர்கள். கிடப்பில் இருக்கும் ஒருவர் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இல்லை. சம்மதம் கேட்டதாகவே ஆகாது. பங்குச் செய்திமடலுக்குப் படம் வேண்டும் என்றால் தைத்த துணியை மடித்து வைத்து எடுங்கள்.

முதல் இரண்டு மாதம் எண்ணிக்கையைப் பற்றி யோசிக்காதீர்கள். நான்கு நைட்டி மட்டும் தைத்து, இரண்டு வீட்டுக்கு இரண்டிரண்டாகக் கொடுங்கள். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். ஒரு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை நாள் போட்டீர்கள், எங்கே தையல் விட்டது, எதை மாற்றினால் இன்னும் எளிது. அந்த நைட்டியைக் கையில் வாங்கிப் பாருங்கள். டிச் பட்டன் சுற்றியுள்ள துணி கிழிந்திருந்தால் உள்ளே ஒரு துண்டுத் துணி கொடுத்து அடிக்க வேண்டும். பட்டை ஒரு பக்கமாக இழுத்திருந்தால் துணியை நேர்இழையில் வெட்டவில்லை. துவைத்த அடையாளமே இல்லாமல் புத்தம்புதிதாக இருந்தால் அவர்கள் போடவில்லை. ஏன் என்று வற்புறுத்தாமல் கேளுங்கள், சில வீடுகளில் "நல்ல துணி, கெட்டுப்போகும்" என்று பெட்டியில் வைத்துவிடுவார்கள். அங்கே இன்னும் இரண்டு சேர்த்துக் கொடுத்தால் எடுத்துப் போடத் தொடங்குவார்கள். இந்தத் திருத்தங்களோடு மூன்றாவது மாதம் அட்டையில் வடிவம் வெட்டி வைத்துக்கொண்டால், ஒருவர் வெட்ட, இருவர் பட்டை சேர்க்க, ஒருவர் பட்டன் வைக்க, ஒருவர் தேய்த்துத் தடவிப் பார்க்க என்று பிரித்துக்கொள்ளலாம். தடவிப் பார்க்கும் வேலையை உங்களில் கண் மங்கிய மூத்தவரிடம் கொடுங்கள். ஊசி கோர்க்க முடியாவிட்டாலும் தையல் தடிப்பை அவர் விரல்தான் முதலில் கண்டுபிடிக்கும்.